என்ன படிக்கிறாய்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. கணித மாணவர் ஒருவர் எழுதியது)

"என்ன படிக்கிறாய்?" என்று யாராவது கேட்டால், "பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு" என்று உடனே விடை கூறிவிடுகிறோம். கேட்டவரும் தலையை அசைத்துவிட்டு, முடித்தால் என்ன வேலை கிடைக்கும் என்ற அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அந்தச் சொற்களுக்கு இன்னொரு பொருளும் உண்டு என்பது இருவருக்குமே தோன்றுவதில்லை. இப்போது உன் கையில் எந்த நூல் இருக்கிறது, எந்தப் பக்கத்தில் நிற்கிறாய், அதை எனக்கும் தருவாயா என்று கேட்பதும் அதே இரண்டு சொற்களால்தான். இக்கட்டுரை அந்த இரண்டாவது பொருளைப் பற்றியது.

நூல் படிப்பதால் விளையும் நன்மைகளைப் பற்றி ஆண்டுதோறும் மலரில் யாரேனும் எழுதிவிடுகிறார்கள். அதை நான் மீண்டும் எழுதப் போவதில்லை. தாம் படித்ததை ஒருவர் இன்னொருவருக்கு எடுத்துச் சொல்லும்போது, அந்தச் சொல் எப்போது பலிக்கிறது, எப்போது பலிக்காமல் போகிறது என்பதை மட்டும் பார்க்க விரும்புகிறேன். சிறிய செய்தி போலத் தோன்றும். ஆனால் நம்மில் பலருக்கு இது சிறிய செய்தி அன்று. நம் குடும்பங்களில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நாம்தான். என் வீட்டில் அச்சடித்த தாள் என்றால் தினசரி நாட்காட்டி, குடும்ப அட்டை, கூட்டுறவுச் சங்கத்துப் பாஸ் புத்தகம், அவ்வளவே. அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அம்மா பேருந்தின் எண்ணைப் பார்த்து ஏறுவார். "இந்தப் புத்தகத்தைப் படித்துப் பாரடா" என்று எடுத்துக் கொடுக்க ஓர் அண்ணனோ சித்தப்பாவோ அங்கே கிடையாது. அலமாரி நிறைய நூல்கள் உள்ள வீட்டில் பிறந்தவருக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பது வளரும்போதே தெரிந்துவிடுகிறது. நமக்கோ பக்கத்து இருக்கை நண்பர் சொல்வதுதான் முதல் நூற்பட்டியல்.

குடந்தையில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகள்

இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். இரண்டும் கும்பகோணத்தில் நடந்தவை. இரண்டிலும் அவ்வூர் அரசினர் கல்லூரிக்குத் தொடர்பு உண்டு. அரசு கலைக் கல்லூரி மாணவர்களாகிய நாம் சற்றே நெஞ்சை நிமிர்த்திக் கொள்ளலாம்!

முதல் நிகழ்ச்சி 1880-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நடந்தது. உ.வே.சாமிநாதையருக்கு அப்போது இருபத்தைந்து வயது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவர். அந்த ஆண்டுதான் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்தார். அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். யாரிடம் படித்தீர்கள், என்னென்ன படித்தீர்கள் என்று முதலியார் விசாரித்தார். ஐயர் தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் கோவைகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் வரிசையாக அடுக்கினார். வேறொருவராக இருந்தால் மலைத்துப் போயிருப்பார். முதலியார் மலைக்கவில்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் படித்ததில்லை. நூல் கிடைத்தால் படித்துவிடும் துணிவு மட்டும் தமக்கு உண்டு என்றார்.

நம்மில் பலராயிருந்தால் வீட்டுக்குத் திரும்பி, "அந்த முன்சீப் தலைக்கனம் பிடித்தவர்" என்று சொல்லி அத்துடன் விட்டிருப்போம். ஐயர் விடவில்லை. முதலியாரும் நூற்பெயரைச் சொன்னதோடு நிற்கவில்லை. தம்மிடம் இருந்த சிந்தாமணிப் பிரதியை எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, படித்து எனக்குப் பாடம் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். சிந்தாமணி சமணக் காப்பியம். அதில் வரும் சமயக் கருத்துகளும் சொற்களும் சைவ நூல்களிலேயே வளர்ந்த ஐயருக்குப் பிடிபடவில்லை. உடனே அவர் கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களைத் தேடிப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1887-இல், சிந்தாமணி அச்சில் வெளிவந்தது. பிறகு 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என்று வரிசையாக வந்தன. இன்று நம் தமிழ்ப் பாடத்தில் உள்ள பகுதிகளில் எத்தனையோ அந்த ஒரு பேச்சுக்குக் கடன்பட்டவை.

முதலியார் செய்ததை நிறுத்திப் பார்ப்போம். எதையும் சொல்வதற்கு முன்னால், இவர் இதுவரை என்ன படித்திருக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பெயரைக் காற்றில் விடாமல் நூலைக் கையில் கொடுத்தார். எல்லாவற்றிலும் நான் முக்கியமாகக் கருதுவது, தாமும் சேர்ந்து படிக்க உட்கார்ந்தார் என்பது. நீதிபதி பதவியில் இருந்தவர் இளம் ஆசிரியர் ஒருவரிடம் மாணவராக உட்காரச் சம்மதித்திருக்கிறார். "படித்துப் பார், உனக்கு நல்லது" என்று சொல்லிவிட்டுப் போகும் பெரியவர்கள் நம் ஊரிலும் நிறைய உண்டு. நான் உடன் வருகிறேன் என்று சொல்பவரைக் காண்பது அரிது.

இரண்டாவது நிகழ்ச்சி எங்கள் துறையைச் சேர்ந்தது. 1903-ஆம் ஆண்டில் சீனிவாச ராமானுஜன் கும்பகோணத்தில் பள்ளி மாணவர். நண்பர் ஒருவர் வழியாக, அரசினர் கல்லூரி நூலகத்திலிருந்து ஒரு கணித நூல் அவருக்கு இரவலாகக் கிடைத்தது. ஜி.எஸ்.கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்தது அது. தேர்வுக்குப் போகும் மாணவர்களுக்குத் தனியாகப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் அவர். அந்த நூலில் ஆயிரக்கணக்கான தேற்றங்களும் சூத்திரங்களும் எண்ணிட்டு வரிசையாக இருக்கும். நிறுவல் பெரும்பாலும் இராது, இருந்தாலும் ஒரு குறிப்பளவில்தான். நம் பேச்சில் சொன்னால், அது ஒரு 'கைடு'. அது ஒன்றும் மகத்தான நூல் அன்று என்பதே ராமானுஜனைப் பின்னாளில் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டியின் கருத்தும். ஆனால் நிறுவல் இல்லாத அந்த வெற்றிடமே ராமானுஜனுக்கு வேலை கொடுத்தது. ஒவ்வொரு தேற்றத்தையும் தாமே நிறுவப் புகுந்தார்; அதிலிருந்து புதிய தேற்றங்கள் கிளைத்தன. நன்றாக விளக்கி எழுதிய பாடநூல் ஒன்று அன்று அவர் கைக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ! (இதைக் காரணம் காட்டி நம் மாணவர்கள் தேர்வுக்கு முதல் நாள் கைடு வாங்க ஓடவேண்டாம். நிறுவலை நாமே எழுதுவதாக இருந்தால் மட்டுமே இந்த உதாரணம் செல்லும்.)

ஆகவே ஒரு நூல் எவ்வளவு உயர்ந்தது என்ற கேள்வி வேறு, அது இந்த ஆளுக்கு இந்த நேரத்தில் பொருந்துமா என்ற கேள்வி வேறு. நூலைப் பரிந்துரைப்பவர் விடை காண வேண்டியது இரண்டாவது கேள்விக்கு.

கணித ஆசிரியர் வகுத்த விதி

இதை விதியாகவே எழுதி வைத்தவரும் ஒரு கணித ஆசிரியர்தான். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர்.இரங்கநாதன், அரசுக் கல்லூரிகளில் கணிதம் கற்பித்துவிட்டு, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். 1931-இல் வெளியான தம் நூலில் நூலகத்துக்கென ஐந்து விதிகளை வகுத்தார். அவற்றுள் இரண்டாம் விதி வாசகரின் பக்கம் நின்று, அவருக்கு ஏற்ற நூலைத் தேடச் சொல்கிறது. மூன்றாம் விதி நூலின் பக்கம் நின்று, அதற்கு ஏற்ற ஆளைத் தேடச் சொல்கிறது. எங்கள் வகுப்பு மொழியில் கூறுவதானால், வாசகர்களின் கணத்திலிருந்து நூல்களின் கணத்துக்குக் கோடு போடுகிறோம். இரண்டாம் விதிப்படி எந்த வாசகரும் கோடு இல்லாமல் நிற்கக்கூடாது. மூன்றாம் விதிப்படி எந்த நூலும் கோடு வந்து சேராமல் கிடக்கக்கூடாது. அதாவது அது மேல் சார்பாக இருக்க வேண்டும். நம் நூலகத்தில் பத்தாண்டுகளாக யாரும் எடுக்காத நூல்களின் கடைசிப் பக்கத்துத் தேதிச் சீட்டைப் பார்த்தால் மூன்றாம் விதியின் அருமை புரியும்.

வாசகர்கள் அலமாரிக்கு நேரே சென்று தாமே நூலைத் தொட்டுப் பார்த்து எடுக்க வேண்டும் என்று வற்புறுத்தியவரும் இரங்கநாதன்தான். இன்றும் சில இடங்களில் நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் சீட்டில் எழுதிக் கொடுத்தால்தான் நூல் வரும். பெயர் தெரிந்தவருக்கு அதில் தொல்லை இல்லை. பெயரே தெரியாதவர் அந்தச் சீட்டில் என்ன எழுதுவார்? முதல் ஆண்டில் சன்னலுக்கு முன்னால் பேனாவும் கையுமாக நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுக்குப் படிக்கும் விருப்பம் இல்லை என்று சிலர் முடிவுகட்டி விடுகிறார்கள். அது நியாயமன்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்குப் பிறகு, நம் ஊர்களில் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே வாங்கப்படுகிறது. என் அப்பா இதுவரை எந்த நூலகத்துக்குள்ளும் நுழைந்ததில்லை. ஆனால் ஆண்டுதோறும் அதற்குப் பணம் கட்டியிருக்கிறார். அவர் கட்டியதை நான்தான் எடுத்துப் படித்துத் தீர்க்க வேண்டும்.

எண்பது பக்க நோட்டு

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் ஓர் எண்பது பக்க நோட்டு சுற்றத் தொடங்கியது. முதலில் நண்பர் ஒருவர் அதற்கு 'எனக்குப் பிடித்த நூல்' என்று தலைப்பிட்டார். முதல் பக்கம் முழுவதும் திருக்குறள், திருக்குறள், திருக்குறள் என்றே நிரம்பியது. நடுவில் ஒருவர் சத்திய சோதனை என்று எழுதியிருந்தார். யாருக்கும் யாரைப் பற்றியும் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. அப்போது வகுப்புத் தோழி ஒருவர் தலைப்பை அடித்துவிட்டு, 'இப்போது படிப்பது — நிற்கும் பக்கம் — யாருக்குப் பொருந்தும்' என்று மூன்று கட்டங்கள் போட்டார். அன்று முதல் நோட்டில் உண்மை வந்தது. பிடித்தது என்ன என்று கேட்டால் மதிப்பான பெயரைச் சொல்லத் தோன்றுகிறது. எந்தப் பக்கத்தில் நிற்கிறாய் என்று கேட்டால் பொய் சொல்வது கடினம். "பொன்னியின் செல்வன், இரண்டாம் பாகம், பரீட்சை வந்ததால் நிற்கிறது" என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர் "ஒன்றுமில்லை" என்று எழுதினார். அதுவும் ஒரு பதிவுதானே!

அந்த 'ஒன்றுமில்லை' நண்பரிடம் இரண்டு மூன்று பேர் நல்ல நூல்களின் பெயர்களை அடுக்கிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. பேச்சுவாக்கில் 2019-இல் வந்த 'அசுரன்' படத்தை மூன்று முறை பார்த்ததாகச் சொன்னார். அப்படியானால் பூமணியின் 'வெக்கை'யை எடு என்று ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். 1982-இல் வெளிவந்த நாவல், படத்துக்கு அடிப்படை. தன் அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஓடும் பதினைந்து வயதுப் பையனும் அவன் தந்தையும் எட்டு நாட்கள் காட்டிலும் மேட்டிலும் மறைந்து திரிகிறார்கள். படத்தில் சண்டை பெரிதாகத் தெரியும். நாவலில் பசியும், சமைத்துச் சாப்பிடும் இடமும், தந்தையும் மகனும் பேசிக்கொள்ளும் பேச்சும் பெரிதாகத் தெரியும். நண்பர் இரண்டே நாளில் முடித்துவிட்டு, "இந்த ஆள் வேறு என்ன எழுதியிருக்கிறார்?" என்று கேட்டார். அவர் கையில் இப்போது 'பிறகு' இருக்கிறது.

நேரமும் இடமும்கூடக் கணக்கில் வரும். வெளியூரிலிருந்து வரும் மாணவி ஒருவருக்குப் படிக்கக் கிடைப்பது பேருந்தில் அமர இடம் கிடைக்கும் நாட்களில் முக்கால் மணி நேரம் மட்டுமே. வீட்டுக்குப் போனால் அடுப்படி வேலை. அவரிடம் ஐந்து பாக நாவலைக் கொடுப்பது உதவியாகாது. புதுமைப்பித்தன் சிறுகதைகள் அவருக்குச் சரியாக அமைந்தன. ஒரு பயணத்துக்கு ஒரு கதை. 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' படித்த அன்று இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாராம். அடுத்து அசோகமித்திரனின் 'தண்ணீர்' எடுத்தார். சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தில் ஒரு தெருவும் அதில் ஜமுனா என்ற பெண்ணும். சிறிய நூல். குடத்தோடு குழாயடியில் நின்ற எவருக்கும் அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

நான் சொல்லிப் பலித்தவற்றில் மூன்றைக் குறிப்பிடலாம். பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கி.ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976). கரிசல் மண்ணுக்கு இடம்பெயர்ந்து வந்த மக்களின் கதையை மங்கத்தாயாரு அம்மாள் என்ற முதியவள் சொல்வது போல வரும். பேசுகிற மொழியிலேயே ஓடும். அப்பாவோ அம்மாவோ கூலி வேலைக்குப் போகும் வீடுகளிலிருந்து வருபவர்களுக்கு ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' (1979). தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் வாழ்வு அது. அவர் அங்கே நேரில் போய்ப் பழகி எழுதியது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. பாமாவின் 'கருக்கு' (1992) மூன்றாவது. "எங்கள் தெருவைப் பற்றியெல்லாம் புத்தகத்தில் எழுதலாமா?" என்று ஐயப்படுகிற எவரிடமும் அதைக் கொடுக்கலாம்.

ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சும் கணித மாணவர்களுக்கு ஒன்று. ஜார்ஜ் போல்யா 1945-இல் வெளியிட்ட, கணக்கை எப்படித் தீர்ப்பது என்று சொல்லும் சிறிய நூலைப் பேராசிரியர் ஒருவர் எங்களுக்குக் காட்டினார். பெரும்பகுதி இரண்டு மூன்று பக்கக் குறிப்புகள், சொற்களும் எளியவை. நான் முழுவதும் படித்து முடித்த முதல் ஆங்கில நூல் அதுதான். பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள்: வகுப்பில் பொதுவாக 'நிறையப் படியுங்கள்' என்று கூறுவதைக் காட்டிலும், தங்கள் மேசைமேல் இப்போது இருக்கும் நூலின் பெயரைச் சொன்னால் எங்களுக்கு அதிகம் பயன்படும்.

பலிக்காதவை

பலிக்காதவற்றையும் எழுதிவிட வேண்டும். 'கட்டாயம் படிக்க வேண்டிய நூறு நூல்கள்' என்ற பட்டியல் நோட்டில் ஒருமுறை ஒட்டப்பட்டது. அதிலிருந்து எவரும் ஒன்றையும் எடுக்கவில்லை. நூறு என்றதும், இதுவரை படிக்காமல் விட்டவை நூறு என்ற எண்ணமே வருகிறது. அளவுக்கு மீறிப் புகழ்வதும் அப்படித்தான். "வாழ்க்கையையே மாற்றிவிடும்" என்று சொல்லிக் கொடுத்தால், வாங்கிக்கொண்டவர் பத்தாம் பக்கத்திலேயே வாழ்க்கை மாறிவிட்டதா என்று பார்க்கிறார்.

கைப்பேசியில் ஒரே மூச்சில் ஐம்பது மின்னூல்களை அனுப்பும் பழக்கமும் பெருகியிருக்கிறது. அவை திறக்கப்படுவதில்லை. கைப்பேசியே ஆகாது என்று நான் சொல்லவில்லை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய இலக்கியங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்கி, புதுமைப்பித்தன், ராஜம் கிருஷ்ணன் ஆகியோரின் எழுத்துகளைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியிருப்பதால், அவற்றைப் படிக்கவும் பகிரவும் தடையில்லை. விலை கொடுத்து வாங்க முடியாத நமக்கு இது பெரிய வாய்ப்பு. ஆனால் அனுப்பும்போது ஒன்றே ஒன்றை அனுப்பி, எந்த அத்தியாயத்தில் தொடங்கலாம் என்றும் சேர்த்து எழுத வேண்டும். உதாரணமாக, உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' மிகப் பெரிய நூல். 1940 முதல் அவர் மறைந்த 1942 வரை வார இதழில் தொடராக வந்தது. முதல் பக்கத்திலிருந்து தொடங்கிய இருவர் ஊர்ப்பெயர்களிலேயே களைத்துவிட்டார்கள். முதலியாரைச் சந்திக்கும் அத்தியாயத்தில் தொடங்கியவர் பின்னால் திரும்பி வந்து முழுவதையும் படித்தார்.

பொன்னியின் செல்வனைப் பற்றி நண்பர்களுக்குள் வாதம் உண்டு. தடித்த நூல், புதியவருக்கு ஆகாது என்பார்கள் சிலர். நான் ஒப்பவில்லை. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் தொடராக வந்த கதை அது. ஒவ்வோர் அத்தியாயமும் அடுத்த வாரத்துக்கு ஆளை இழுக்கும்படி முடிகிறது. வழக்கமே இல்லாத ஒருவரை ஆயிரம் பக்கங்கள் ஓட வைக்க அதற்கு நிகர் குறைவு. அதன்பிறகு அவர் வேறெதையும் தொடாமல் அதையே மூன்றாம் முறை படிக்கத் தொடங்கினால்தான் கவலைப்பட வேண்டும்.

கொடுத்த நூல் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுப்பவரிடம் கோபம் கூடாது. ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால் அடுத்த நூலுக்கு அதுவே குறிப்பாகிறது. எங்கள் நோட்டில் நான்காவதாக ஒரு கட்டம் இதற்காகவே பின்னர் சேர்ந்தது: 'எங்கே நிறுத்தினேன், ஏன்'. இரவல் நூலில் பேனாவால் கோடு போடக்கூடாது, பக்கத்தை மடிக்கக்கூடாது, விடுமுறைக்கு முன் திருப்பித் தரவேண்டும் என்ற மூன்று கட்டளைகள் அட்டையின் உட்புறத்தில் எழுதப்பட்டுள்ளன. மூன்றாவது மட்டும் இன்னும் சரியாக நடைமுறைக்கு வரவில்லை.

நோட்டில் இன்னும் பதினான்கு பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. கணித வகுப்பில் கடைசிச் சன்னலுக்குக் கீழுள்ள மேசையில் அது இருக்கும். வேற்றுத் துறை மாணவர்களும் பேராசிரியர்களும் வந்து எழுதலாம். பேனாவை நூலால் கட்டி வைத்திருக்கிறோம். மூடி மட்டும் காணவில்லை.